நான் சொன்ன வாங்கு

எங்கள் வீட்டுக் கராஜுக்குள் ஒருநாளும் கார் நின்றதில்லை. வீடு கட்டும்போது எப்படியும் ஒரு கார் வரும் என்று நம்பித்தான் கட்டினோம். கழுவுகிற தண்ணீர் வடிந்து ஓட வேண்டும் என்று நிலத்தைச் சரிவாக வேறு போடச் சொன்னேன். பெரிய எண்ணம்தான் எனக்கு. வந்து சேர்ந்ததோ நெல் மூட்டைகள், காற்றுப் போன சைக்கிள், கால் முறிந்த கதிரைகள், கழற்றிப் போட்ட பழைய இரும்பு வாசல் கேற். கடைசியாக வந்தது ஒரு படகு எஞ்சின். கட்டைபறிச்சானில் இருக்கும் ஒரு மீனவருடையது. என் கணவர் திருத்தித் தருவதாக ஏற்றுக்கொண்டது. பல மாதமாக அது சாக்கு மூடியபடி கிடந்தது.

இவர் படகு எஞ்சின் மெக்கானிக். திருகோணமலையில் கடற்கரையோரமாக வாடகைக்கு ஒரு கொட்டில் எடுத்து வேலை செய்தார். ஒருநாள் படகிலிருந்து ஒரு எஞ்சினை இறக்கும்போது வழுக்கி, அது அவருடைய வலது காலுக்கு மேலே விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் முதலில் காலை வெட்டட்டுமா என்று கேட்டார்கள், நாங்கள் விடவில்லை. பிறகு தகடும் ஸ்குறூவும் வைத்துக் காப்பாற்றித் தந்தார்கள். கடவுள் புண்ணியம். ஆனால் வீட்டுக்கு வந்த மனிதர் கதிரையில் இருந்தார், இருந்தார், இருந்துகொண்டே இருந்தார். கொஞ்ச நேரத்துக்கு மேல் நிற்க ஏலாது. கொட்டிலையும் விட்டாயிற்று. என்ன கேட்டாலும் ஓம், இல்லாவிட்டால் உம்முடைய விருப்பம். என்னோடு சண்டை பிடித்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது எனக்கு. இரண்டு பேருக்கும் சேர்த்து நானே சண்டை பிடித்து, தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

ஒருநாள் அந்த மீனவர் ஃபோன் எடுத்து, எஞ்சின் என்ன மாதிரி என்று கேட்டார். பாவம், அந்த மனிதர் இரவல் எஞ்சினில் தொழிலுக்குப் போய்க்கொண்டிருந்தார். இவர் கொஞ்சமும் யோசிக்காமல், மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொண்டு போய் வேறு யாரிடமாவது கொடுங்கோ என்று சொல்லிவிட்டார். ஃபோனை வைத்துவிட்டு, என் முகத்தைப் பாராமலே சொன்னார்:

"அதோட என்ர சாமான்களையும் ஆரும் கேட்டாக் குடுத்திடும். இனி என்னத்துக்கு."

சாமான்கள் என்றால் அவருடைய ஸ்பனர்கள், சுத்தியல்கள், இரும்பை இறுக்கிப் பிடிக்கிற வைஸ், எல்லாம். கலியாணம் முடித்து வந்த நாளிலிருந்து என்னைக்கூடத் தொட விடாமல் எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்த சாமான்கள். அந்த எஞ்சின் திருத்தாமல் இந்தக் கராஜை விட்டுப் போனால், இந்த மனிதர் இனிக் கதிரையை விட்டு எழும்ப மாட்டார் என்று எனக்கு நன்றாகத் தெரிந்துவிட்டது.

இதற்கெல்லாம் இருந்து அழ எனக்கு வராது. கோபம்தான் வரும். கோபம் வந்தால் கை சும்மா இருக்காது. கொட்டிலில் இடுப்பளவு உயரத்தில் ஒரு மர வாங்கு இருந்தது. அதில் வைஸைப் பூட்டி, நின்றபடிதான் இவர் வேலை செய்வார். கறையான் தின்ற அந்த வாங்கைக் கொட்டிலோடேயே விட்டுவிட்டு வந்திருந்தோம். அதற்குப் பதிலாக இரும்பில் ஒன்று செய்து கராஜுக்குள் வைத்துவிட்டால் இவருக்குக் கை துருதுருக்காதா என்று நினைத்தேன். கிண்ணியாவில் வெல்டிங் செய்யும் ஒரு முஸ்லிம் அண்ணரை, நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவரை, எனக்குத் தெரியும். எங்கள் புது கேற் அவர் செய்ததுதான். குசினிக்குள் பைப்பைத் திறந்துவிட்டு, இவருக்குக் கேட்காமல் அந்தச் சத்தத்துக்குள் நானாவுடன் ஃபோனில் கதைத்தேன். நீளம் சொன்னேன், அகலம் சொன்னேன், மேலே தடித்த தகடு வேண்டும் என்றேன், ஆனை ஏறி நின்றாலும் ஆடக்கூடாது என்றேன். உயரம் என்ன என்று அவர் கேட்ட நேரம் பார்த்து இவர் ஊன்றுகோலோடு தண்ணீர் குடிக்க வந்துவிட்டார். வழமையான உயரம்தான் நானா என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டேன்.

அடுத்த நாளே நானா வந்து, இரும்பு வீணாகக் கிடக்க வேண்டாம் என்று எங்கள் பழைய கேற்றை லொறியில் ஏற்றிக்கொண்டு போனார். நான் கராஜைக் காலியாக்கினேன். நெல் மூட்டையை இழுத்தேன், உடைந்த கதிரைகளைப் பின்வளவில் போட்டேன், நிலத்தைத் தேய்த்துக் கழுவினேன். தண்ணீர் அழகாக வடிந்து ஓடியது. என்ன நடக்குது என்று இவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மாதக் கடைசி வாரத்தில், ஒரு புதன்கிழமை காலை, வாங்கு வந்தது. நானாவும் லொறிக்காரரும் மூச்சு முட்ட இறக்கி உள்ளே வைத்தார்கள். வேலை என்றால் வேலை. தடித்த தகடு, நாலு மூலையிலும் மொத்தக் கால், கீழே எங்கள் பழைய கேற்றின் கம்பிகளை வைத்தே ஒரு தட்டு. கேற்றில் இருந்த பூ வேலைகூட அப்படியே இருந்தது. ஆனால் முழுவதும் என் முழங்கால் உயரம்தான். பஸ் நிலையத்தில் வைத்தால் நாலைந்து பேர் வசதியாக இருந்து பஸ்ஸுக்குப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

என்ன நானா இது என்று தொடங்கியவள் நிறுத்தவில்லை. வேலை செய்கிற வாங்கு கேட்டால் குந்துகிற வாங்கைக் கொண்டுவந்திருக்கிறீர்களே, இவர் என்ன படுத்துக்கொண்டா எஞ்சின் பூட்டுவது என்று கேட்டேன். தெரு முழுக்கக் கேட்டிருக்கும். நானா தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"வாங்கு எண்டுதானே தங்கச்சி சொன்னீங்க. எங்கட ஊரில வாங்கெண்டா ஒண்டு பள்ளிவாசல்ல தொழுகைக்குக் கூப்பிட்டுச் சொல்லுறது, மத்தது குந்துறது. நிண்டு வேலை செய்யிறதுக்கு மேசை எண்டெல்லோ கேட்டிருக்கோணும்."

நியாயம்தான். இவர் தொழில் பழகிய கராஜில் முதலாளி அதை வாங்கு என்றாராம், அதனால் இவரும் வாங்கு என்றார், இவர் சொன்னபடியால் நானும் வாங்கு என்றேன். மேசை என்ற சொல் என் வாயில் வரவே இல்லை. நானாவோ கேற்றையும் ஜன்னல் கம்பியையும் நிலத்தில் போட்டுக் குந்தியிருந்து ஒட்டுகிறவர். ஆனாலும் விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. உயரத்தை இன்னொரு தரம் கேட்டிருக்கலாமே என்றேன். வழமையான உயரம் என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்றார். பிறகு, என்னைச் சமாதானப்படுத்துவதாக நினைத்து இதையும் சொன்னார்:

"கால் ஏலாத மனிசன், இருந்து எழும்பத்தான் கேக்கிறீங்க எண்டு நினைச்சிட்டன்."

கால் ஏலாது என்ற சொல்லை எங்கள் வீட்டில் ஒருவரும் சொல்வதில்லை. ஜன்னலுக்கு மற்றப் பக்கம்தான் இவர் கதிரையில் இருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் நானாவுக்கும் விளங்கிவிட்டது. வெள்ளிக்கிழமை ஜும்மாத் தொழுகை முடிய வந்து உயர்த்தித் தருகிறேன் என்று மெல்லச் சொல்லிவிட்டு லொறியில் ஏறினார்.

போதாக்குறைக்கு வாங்கு ஆடியது. ஆனை ஏறினாலும் ஆடக்கூடாது என்று கேட்டது, கோழி ஏறினாலே ஆடும் போல நின்றது. சரிவு நிலம் என்னுடைய கைங்கரியம், அதற்கு நானாவை ஏச ஏலாது. ஒரு அட்டைப்பெட்டியைக் கிழித்து மடித்து, வாங்கின் காலுக்குக் கீழே வைத்துத் திணித்துக்கொண்டிருந்தேன். கண் வேறு கலங்கிப்போயிருந்தது. அப்போதுதான் பின்னால் ஊன்றுகோல் சத்தம் கேட்டது.

"அந்த அட்டையை எடும். ரெண்டு நாளில நசிஞ்சு போயிடும்."

பல மாதத்துக்குப் பிறகு இவர் என் வேலையில் பிழை பிடித்தார். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. ஆனாலும் முகத்தைத் திருப்பாமல், அப்ப என்னத்தை வைக்கிறதாம் என்று கேட்டேன்.

கால்களின் அடித்தகட்டில் நானா துளை விட்டிருக்கிறார், ஒவ்வொன்றிலும் நீட்டு போல்ட் போட்டு, தகட்டுக்கு மேலே ஒரு நட், கீழே ஒரு நட் பூட்டினால் வேண்டியபடி ஏற்றி இறக்கலாம் என்றார். போல்ட் எந்தத் தகரப் பேணிக்குள் கிடக்கிறது என்பதையும் சொன்னார். நான் அலவாங்குக் கம்பியால் வாங்கை நெம்பிப் பிடிக்க, இவர் ஊன்றுகோலைக் காட்டிக் காட்டி, ஏத்தும், போதும், காணும், இறக்கும் என்று அதிகாரம் பண்ணினார். பிறகு மட்டம் பார்க்க ஒரு பெயாரிங் குண்டை எடுத்து மேல் தகட்டில் வைத்தார். அது உருண்டு விழுந்தது. மறுபடி வைத்தார், மறுபடி உருண்டது. நின்று நின்று கால் கடுத்திருக்க வேண்டும். வாங்கின் ஒரு தொங்கலில், ஓரமாக இருந்துவிட்டார். இருந்தபடியே குண்டை வைக்க, நான் நட்டைத் திருக, கடைசியில் அது ஓரிடத்தில் அசையாமல் நின்றது.

இவர் எழும்பவில்லை. இடது காலை வாங்குக்கு அந்தப் பக்கம் போட்டு, தகடு வைத்த காலை மற்றப் பக்கம் நீட்டி, குதிரையில் இருப்பது மாதிரி இருந்தார். தன் முன்னால் தகட்டில் கையை வைத்து அளந்து பார்த்தார். அந்த வைஸைக் கொண்டாரும் என்றார். நான் இடுப்பு உயரம் என்று நினைத்துக் கேட்டது, நின்று வேலை செய்த பழைய மனிதருக்கு. நானா செய்து வந்தது இந்த மனிதருக்கு. எனக்கு அது அந்த நேரத்தில்தான் உறைத்தது.

வியாழக்கிழமை, எஞ்சினை மேலே ஏற்ற வேண்டும் என்றார். முழங்கால் உயரம் என்றபடியால் ஒரு பலகையைச் சாய்த்து நாங்கள் இருவருமே இழுத்து ஏற்றிவிட்டோம். உயர வாங்கு என்றால் ஆள் பிடித்திருக்க வேண்டும். அன்று பின்னேரம் முழுக்கக் கராஜுக்குள் இருந்து இவர் என்னை ஏசிக்கொண்டிருந்தார், அந்த ஸ்பனர் எங்கே, இந்தத் துணியை ஆர் எடுத்தது என்று. நானும் குசினிக்குள் இருந்து பதிலுக்கு ஏசினேன்.

வெள்ளிக்கிழமை சொன்னபடி நானா வந்தார். தோளில் வாங்கின் காலுக்கு இடையில் வைத்து ஒட்ட இரும்புத் துண்டுகள், கையில் வெட்டுகிற கிறைண்டர். வேலை பிழைத்துப்போன வெட்கத்தில் வேறொன்றையும் பார்க்காமல் நேராக என்னிடம் கேட்டார்:

"எப்பிடித் தங்கச்சி, காலை வெட்டட்டா?"

ஆஸ்பத்திரியில் எங்களிடம் கேட்ட அதே கேள்வி. நான் இவரைப் பார்த்தேன். எஞ்சினுக்குப் பின்னாலிருந்து தலையை நிமிர்த்தினார். முகமெல்லாம் கிறீஸ். சிரித்தார், வயிறு குலுங்கச் சிரித்தார்.

"ஆஸ்பத்திரியிலயே வெட்ட விடேல்ல நானா. இதையும் விடுங்கோ. இருக்கிற கால் காணும்."

நானாவுக்கு விளங்கக் கொஞ்சம் நேரம் எடுத்தது. பிறகு அவரும் கிறைண்டரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். எனக்கு அழ வராது என்று முன்னே சொன்னேனே, அது சும்மா. தேத்தண்ணி போடுகிற சாட்டில் குசினிக்குள் போய் நன்றாக அழுதேன். தேத்தண்ணித் தட்டோடு திரும்பி வந்தபோது, தன் கை முழுக்க எண்ணெய், ஃபோனைத் தன் காதில் வைத்துப் பிடியும் என்றார் இவர். மறுமுனையில் அந்தக் கட்டைபறிச்சான் மீனவர். இவர் அவரிடம் சொன்னார்:

"ஞாயிற்றுக்கிழமை வரேக்க பெற்றோலும் கொண்டு வாங்கோ. பீப்பாத் தண்ணியில எஞ்சினை ஓட்டிக் காட்டித்தான் தருவன்."