காலையில் கால்சியம், மாலையில் சோடா

எண்ணூரில் ஓர் ஆலையில், கொதிகலனுக்குப் போகும் தண்ணீரிலிருந்து கால்சியத்தை விரட்டுவதுதான் என் உத்தியோகம். ஓய்வுபெற்ற பிறகு அதே கால்சியத்தை விலைக்கு வாங்கித் தண்ணீரில் கரைத்துக்கொண்டிருக்கிறேன். திருவொற்றியூர் வீட்டின் கூடத்தில் ஒரு கடல்நீர்த் தொட்டி. அதில் ஊதா நிறத்தில் கிளைவிட்ட உயிருள்ள பவளம். தன் எலும்பைத் தானே கட்டிக்கொள்ள அதற்குக் கால்சியமும் காரத்தன்மையும் குறையாமல் வேண்டும். இடுப்பெலும்பு முறிந்து எதிர்க் கட்டிலில் கிடக்கும் என் மனைவிக்கு, பகலெல்லாம் பார்க்க அது ஒன்றுதான்.

“அதோட கால்சியத்தை தினம் பாக்கறீங்க. என்னோடதை என்னிக்காவது பாத்தீங்களா?” என்பாள்.

காலையில் கால்சியக் கரைசல், மாலையில் காரத்தன்மைக்குச் சோடா உப்புக் கரைசல். இரண்டும் நேரே சந்தித்தால் சுண்ணாம்பாகிப் படிந்துவிடும். அவளை எக்ஸ்ரேவுக்கு அழைத்துப் போன அன்று, இதையெல்லாம் பக்கத்து வீட்டுக்காரரிடம் விளக்கிச் சாவியைக் கொடுத்தேன். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் பெட்டி ஏற்றுகிறவர். தலையைத் தலையை ஆட்டினார். திரும்பி வந்தால் தொட்டி மோர்ப்பானை மாதிரி இருந்தது.

“இன்னா சார், ரெண்டும் மருந்துதானே? சாயங்காலம் எனக்கு லோடு கீது. அதான் ஒண்ணா ஊத்திட்டேன். அண்ணி ஆசையா பாக்குற பூவாச்சேன்னு கூட ஒரு மூடி வேற ஊத்துனேன்!”

கோபப்படத் தெம்பில்லை. நன்றி சொல்லி அனுப்பினேன்.

மறுநாள் மாலை தண்ணீர் தெளிந்தது. மணல்மேல் வெள்ளைப் பொடி. பவளம் சுருங்கிக் கிடந்தது. சோதித்துப் பார்த்தேன், இரண்டு அளவுகளும் சரிந்திருந்தன. ஆலையில் அந்த நாளில் ஷிஃப்ட் மாறுவதற்குள் அளவைச் சரிசெய்தாக வேண்டியிருந்தது. அந்தப் பழக்கத்தில் கை பாதி பாட்டில் சோடாவைக் கோப்பையில் ஊற்றிவிட்டது.

“என்னங்க, டாக்டர் எனக்கு இன்னிக்கு வாக்கரைப் பிடிச்சு ஒரே ஒரு அடிதான் வைக்கச் சொன்னார். பவளத்தை மட்டும் ஓட விடப் போறீங்களா?”

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்ற வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? நான்தானே அவளுக்கே பாடம் எடுத்திருந்தேன். கோப்பையில் இருந்ததைப் பாட்டிலுக்குத் திருப்பி, ஒரு மூடி மட்டும் தொட்டியில் விட்டேன்.

“பிழைச்சிடுமா?”

“தெரியலை.”

தொட்டியிலிருந்து என் பக்கம் திரும்பினாள். “சரி, அதுக்கு ஆச்சு. எனக்கு?”

கை கழுவிவிட்டு வாக்கரைக் கட்டிலருகே நகர்த்தினேன்.