கோழிக்கு ஏழடி ஆகாது

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்று சொல்லி வைத்தவர்கள் கோழிக்கு வீடு கட்டிப் பார்த்தவர்கள் இல்லை. பார்த்திருந்தால் அதைத்தான் முதலில் சொல்லியிருப்பார்கள். நான் மகளுக்குக் கல்யாணம் பண்ணியிருக்கிறேன், மாடியில் ஓர் அறையும் எடுத்துக் கட்டியிருக்கிறேன். அந்த இரண்டிலும் வராத எரிச்சல், பின்வாசலில் ஒரு கோழிக்கூண்டு கட்டினபோது வந்தது.

எங்கள் ஊர் பரளச்சிப் பக்கம். வீட்டுக்குப் பின்னால் பத்தடி தள்ளினால் சீமைக்கருவேலம் காடு, அதற்குள் கீரிகள். எனக்குப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர் வேலை. காலையில் போனால் மூன்று மணிக்குத்தான் திரும்புவேன். போன வருஷம் என் கோழி பதிமூன்று குஞ்சு பொரித்தது. நான் ஊர்ப் பிள்ளைகளுக்கு முட்டை அவித்துக் கொடுத்துவிட்டு வருவதற்குள் தினம் ஒன்று, சில நாள் இரண்டு என்று குறைந்தது. இரண்டே வாரத்தில் தாய் மட்டும் மிஞ்சியது. அது அன்றைக்கு வாசலுக்கும் வேலிக்கும் அலைந்து கூப்பிட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

அந்தத் தாய் இந்த வருஷம் மறுபடி அடைக்கு உட்கார்ந்தது. பதினோரு முட்டை வைத்தேன். வைக்கும்போது கூடையில் ஒரு இரும்பு ஆணியும் இரண்டு துண்டு அடுப்புக்கரியும் போட்டேன். இடி இடித்தால் முட்டை கெட்டுப்போகாமல் இருக்க எங்கள் பக்கம் அப்படிப் போடுவோம். இதை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பின்னால் கொத்தனாரை ரொம்பத் திட்டப்போகிறேன், அப்போது யாரும் என்னைப் பெரிய பகுத்தறிவுக்காரி என்று நினைத்துவிடக் கூடாது.

“கடையில முட்டை ஆறு ரூவா. உனக்கு எதுக்கு இந்தப் பாடு?” என்றார் வீட்டுக்காரர்.

“இந்தத் தடவையும் குஞ்சு தங்கலைன்னா கோழின்னு பேச்சே எடுக்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டேன். சொன்னது சொன்னதுதான். குஞ்சு பொரிக்க இருபத்தொரு நாள். அதற்குள் கீரி நுழையாத ஒரு கூண்டும், முன்னால் மேய்வதற்கு ஒரு வலை அடைப்பும் எழும்பியாக வேண்டும். கையில் இருந்தது இரண்டு வெள்ளாடு விற்ற பதினையாயிரத்து ஐந்நூறு. அதற்கு மேல் ஒரு ரூபாய் எடுப்பதில்லை என்று இருந்தேன்.

ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம் திட்டம் எழுதினேன். உள்ளே ஐந்துக்கு ஏழு அடி. சுற்றிலும் இரண்டடிக்கு ஹாலோ பிளாக் சுவர், அதற்கு மேல் வலை, தலைக்குத் தகரம். கல் ஐம்பது, இரண்டாயிரம். சிமெண்டு மூன்று மூட்டை, ஆயிரத்து இருநூறு. எம் சாண்ட் ஆயிரத்து ஐந்நூறு. எட்டடித் தகரம் இரண்டு, ஆயிரத்து எண்ணூறு. கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் இரண்டு நாள், மூவாயிரத்து இருநூறு. கீல், கொண்டி முந்நூறு. அரை அங்குலக் கண் வைத்த வலை, நாலாயிரத்து ஐந்நூறு. டீ, வடை, வண்டி, பஸ்ஸுக்கு ஐந்நூறு. எல்லாம் போக ஐந்நூறு மிச்சம். வேலிக்காலுக்குக் கருவேலங்கம்பு காசில்லாமல் கிடைக்கும். வலை என்று எழுதிய வரிக்கு மட்டும் இரண்டு கோடு போட்டு, பக்கத்தில் ‘இதில் கை வைக்கக் கூடாது’ என்று எழுதினேன். அவ்வளவு தெளிவாக இருந்த பொம்பளைதான் நான்.

அருப்புக்கோட்டைக்குப் போய் கல், சிமெண்டு, தகரம் எல்லாம் வாங்கிக் குட்டியானை வண்டியில் ஏற்றிவந்தேன். வலையை மட்டும் சுவர் எழும்பின பிறகு சரியாக அளந்து வாங்கலாம் என்று விட்டேன். சாமர்த்தியம் என்றுதான் அப்போது நினைத்தேன்.

கொத்தனார் வந்தார். என்னைவிட வயதில் இளையவர், எங்கள் மாடி அறையைக் கட்டினவரும் அவர்தான். கயிறு பிடித்தார். பிடித்த கயிற்றை அப்படியே போட்டுவிட்டு எழுந்தார்.

“உள்ளளவு ஏழடியா வருதுக்கா. ஏழு ஆகாது.”

“எதுக்கு ஆகாது?”

“மனையடி சாஸ்திரத்துல ஏழடிக்குத் தரித்திரம்னுல்ல போட்டிருக்கு. ஆறுக்கு எட்டு வச்சிக்கிருவோம். ரெண்டுமே யோகமான அளவு.”

“தம்பி, இது கோழிக்கு.”

“கோழின்னா? அதுவும் ஒரு குடிதானக்கா. ஒரு உசுரு தங்குற எடம்னா அளவு அளவுதான்.”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கோழி என்ன, பால் காய்ச்சிக் குடிபோகப் போகிறதா? பத்திரிகை அடித்து ஊரைக் கூப்பிடப் போகிறேனா? ஐந்துக்கு ஏழு என்றுதான் கல் வாங்கியிருக்கிறது, தகரம் வாங்கியிருக்கிறது, பேசாமல் கட்டு என்றேன். அவர் கோபப்படவில்லை. மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு, ரொம்பப் பிரியமாகத்தான் சொன்னார்.

“கட்டிருவேன்க்கா. ஒங்க இஷ்டம். போன வருசம் பதிமூணு பொரிச்சும் ஒண்ணு தங்கலைன்னு சொன்னீக. அதுக்குத்தான் பாக்குறேன்.”

அங்கே விழுந்தேன். கூடையில் ஆணியும் கரியும் போட்டவளுக்கு வேறு எங்கே விழ இருக்கிறது? ஆறுக்கு எட்டே வை என்றேன்.

ஓரடி கூடுவதற்கு என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன். மனையடி அளவு சுவருக்கு உள்ளே பார்ப்பது. சுவரின் கனத்தையும் சேர்த்தால் வெளியே ஏழுக்கு ஒன்பது. வாங்கிவைத்த இரண்டு தகரம் அதற்கு எட்டாது, இன்னொன்று, தொள்ளாயிரம். கல் இருபது குறைந்தது, எண்ணூறு. சிமெண்டு இன்னொரு மூட்டை, நானூறு. இரண்டு நாள் வேலை மூன்று நாளானது, ஆயிரத்து அறுநூறு. இதற்கு நடுவில் செவ்வாய்க்கிழமை கடைக்கால் தோண்டக் கூடாது என்று ஒரு நாள் சும்மா போனது. அன்றைக்கும் வந்து டீ குடித்துவிட்டுத்தான் போனார்கள். ஆனை அசைந்து தின்னும், வீடு அசையாமல் தின்னும் என்பார்கள். கோழி வீடு என்னை உட்கார வைத்துத் தின்றது.

வீட்டுக்காரர் இதையெல்லாம் கட்டிலில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். “நம்ம படுக்குற ரூமு எத்தனை அடி?” என்று கொத்தனாரிடம் கேட்டார். அவர் டேப்பை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். ஒன்பதாம். ஆகாதாம். இருபத்தேழு வருஷமாக அதில்தான் இவரோடு படுத்து எழுந்திருக்கிறேன். காரணம் இப்போதாவது தெரிந்ததே என்று சொன்னேன், இருவருக்கும் சிரிப்பு.

மூன்றாம் நாள் சாயங்காலம் கூலி கொடுத்த பிறகு என் கையில் ஆயிரத்து முந்நூறு இருந்தது. அடைக்கோழிக்குப் பதினெட்டாம் நாள்.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். இரும்புக்கடையில் அரை அங்குல வலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்த இரண்டங்குலக் கண் வலையை விலை கேட்டேன். என் அடைப்பு அளவுக்கு ஆயிரத்து இருநூறு வரும் என்றார் கடைக்காரர். வலைக்குள் கையை விட்டுப் பார்த்தேன், போகவில்லை. கை போகாத இடத்தில் கோழி எங்கே போகும், கீரி எங்கே வரும் என்று எனக்கு நானே பேசிக்கொண்டேன்.

“குஞ்சு இருக்காம்மா?” என்று கேட்டார் அவர்.

“இல்லண்ணே. பெரிய கோழிதான்.”

அன்றைக்குக் குஞ்சு இல்லை என்பது உண்மை. முட்டைக்குள் இருந்தது. பணம் போதவில்லை என்று ஓர் அந்நியரிடம் சொல்லக் கூச்சப்பட்டு அப்படிச் சொன்னேன். வீட்டுக்காரரிடம் கேட்டிருந்தால் மூவாயிரம் கொடுத்திருப்பார். கூடவே ஒரு வார்த்தையும் சொல்லியிருப்பார். அந்த வார்த்தைக்குப் பயந்துதான் சின்னக் கண் வலையை விட்டேன்.

கூண்டு நன்றாகத்தான் இருந்தது. குறை சொல்ல முடியாது. கொத்தனார் பூச்சு வேலை தெரிந்தவர். கிழக்கே பார்த்து வாசல், வாசற்படிக்கு மஞ்சள்கூட அவரே தடவினார். பஸ்ஸுக்கு நின்ற பெண்கள் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, “எங்க வீட்டு அடுப்படியே இம்புட்டு இல்லத்தா” என்று சொல்லிப் போனார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

சொன்னபடி இருபத்தொன்றாம் நாள் பொரித்தது. பதினொன்றில் இரண்டு கூமுட்டை, ஒன்பது குஞ்சு. நாலு நாள் அடுப்படி மூலையில் கூடையைப் போட்டுக் கவிழ்த்து வைத்திருந்தேன். ஐந்தாம் நாள் காலையில் தாயையும் குஞ்சுகளையும் கொண்டுபோய் அடைப்புக்குள் விட்டேன். நொய் போட்டேன், தட்டில் தண்ணீர் வைத்தேன், கொண்டியை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தேன். ஒரு வருஷமாக இல்லாத நிம்மதியோடு வேலைக்குப் போனேன்.

மூன்று மணிக்குத் தெருமுனையில் திரும்பும்போதே அந்தச் சத்தம் கேட்டது. போன வருஷம் கேட்ட அதே சத்தம்.

கொண்டி போட்டபடி இருந்தது. சுவரில் ஒரு கீறல் இல்லை. தாய் வலையில் மோதி மோதி மூக்கில் ரத்தத்தோடு உள்ளே நின்றது. வெளியே, கருவேலம் புதருக்கு முன்னால், ஒரு குஞ்சு மண்ணைக் கொத்திக்கொண்டிருந்தது. தாய் கூப்பிட்டதும் அது திரும்பி ஓடிவந்து, வலையின் கண்ணுக்குள் எங்கேயும் இடிக்காமல் நுழைந்து, தாயிடம் போய் நின்றது. அடுத்த நிமிஷம் வேறொரு கண் வழியாக வெளியே வந்தது. குஞ்சுகளுக்கு வலை இருந்ததே தெரியவில்லை. தாய்க்கு மட்டும்தான் அது வலை.

புதருக்குள் குனிந்து குனிந்து தேடினேன். முள் கிழித்தது. ஒரு சின்ன இறகுக் கொத்தும் ஈரமான மண்ணும்தான் கிடைத்தது. நாலு குஞ்சு மிச்சம். மடியில் அள்ளிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். வீட்டுக்காரர் வந்து பார்த்தார். உள்ளே போய் மூவாயிரத்து ஐந்நூறு எடுத்துவந்து என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் கொத்தனார் கேள்விப்பட்டு வந்தார். அவருக்கும் நிஜமாகவே வருத்தம்தான். கூண்டுக்குள் குனிந்து போய் டேப்பை வைத்து நீளம் பார்த்தார், அகலம் பார்த்தார். வெளியே வந்து தலையைச் சொறிந்தார்.

“ஆறுக்கு எட்டு சரியாத்தானக்கா இருக்கு. ஒரு நூல் பெசகலையே?”

“பெசகலை தம்பி” என்றேன். “ஏழு ஆகாதுன்னு நீ சொன்ன. வலைக்கு ரெண்டு ஆகுமான்னு நாந்தான் கேக்கலை.”