கச்சான் சுற்றிய தாள்

எண்பதுகளின் தொடக்கத்தில் காசநோய் ஆராய்ச்சி ஒன்றுக்காக நிந்தவூரில் வீடு வீடாகப் போய் விபரம் எழுதினேன். "ஆருக்கும் காட்ட மாட்டன்" என்று சொல்லித்தான் கேட்பேன். பிழை விழுந்த தாள்களைத் திருப்பி எழுதிவிட்டுப் பழையவற்றை வீட்டில் போட்டுவைத்தேன். உம்மா அவற்றைப் பழைய பத்திரிகைகளோடு சேர்த்து விலைக்குக் கொடுத்துவிட்டார்.

ஒருநாள் பஸ் நிலையத்தில் கச்சான் கடலை வாங்கினேன். சுற்றியிருந்த தாளில் என் கையெழுத்து. ஹபீபா ராத்தாவின் பெயரும், இருமும்போது இரத்தம் வருவதாக அவர் சொன்னதும் அதில் இருந்தன. அவருடைய மகளுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்த நேரம் அது.

கச்சான்காரரிடம் மிச்சத் தாள்களைக் கேட்டு வாங்கிக்கொண்டு, நேரே ராத்தாவிடம் போய் நடந்ததைச் சொன்னேன்.

"மத்த ஆக்கள்ர தாள் எல்லாம் கிடைச்சிட்டா புள்ள?" என்று கேட்டார்.

"நாலு பேர்ர தாள் இல்ல ராத்தா."

அந்த நான்கு வீடுகளுக்கும் போய்ச் சொன்னேன். இரண்டு வீடுகளில் கதவைச் சாத்தினார்கள்.

அன்றிலிருந்து விபரத் தாளில் பெயருக்குப் பதிலாக இலக்கம் மட்டுமே எழுதுகிறேன். பெயர்கள் வேறு கொப்பியில், பூட்டிய பெட்டிக்குள் இருக்கின்றன. பிழைத் தாள்களை அன்றன்றே அடுப்பில் போட்டுவிடுகிறேன்.

அடுத்த முறை போனபோது ராத்தா என் தாளை வாங்கி, இரண்டு பக்கமும் தன் பெயரைத் தேடினார். இல்லை என்று கண்ட பிறகுதான் கதைக்கத் தொடங்கினார்.