குடிலில் நிற்கும் கூட்ஸ் பெட்டி

எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் குடிலில் மூன்று ராஜாக்கள் ஒட்டகத்தில் வருவதில்லை, கூட்ஸ் பெட்டியில் வருவார்கள். ஒட்டகம் எப்போதோ கால் உடைந்து போய்விட்டது. அதற்குப் பதிலாக ஒரு சாண் நீளமுள்ள தகரக் கூட்ஸ் பெட்டியை அம்மா வைக்கோல் மேல் நிறுத்தி, பக்கத்தில் ராஜாக்களை வரிசையாக வைப்பாள். கூரை போட்ட சரக்குப் பெட்டி அது. இரண்டு பக்கமும் தள்ளித் திறக்கும் கதவு, கீழே நாலு சக்கரம். பக்கத்து வீட்டு பாய் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வந்து குடிலைப் பார்த்துவிட்டு, "உங்க வூட்டு ராஜாக்கள் மொரப்பூர்ல வண்டி மாறி வந்தாங்களா?" என்று கேட்பார். ஒரே கேலிதான், வருஷா வருஷம். நாங்களும் வருஷா வருஷம் சிரிப்போம்.

அப்பாவின் தாத்தா ஒரு வெள்ளைக்காரச் சாமியாரின் பங்களாவில் சமையல்காரராக இருந்தவர். சாமியார் தன் நாட்டுக்குத் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போன பொருள் இது. அதற்கு மேல் அதைப் பற்றி எங்களுக்கு ஒன்றும் தெரியாது, தெரிந்துகொள்ளவும் தோன்றியதில்லை. அது குடில் சாமான். மாட்டுக்குப் பக்கத்தில் ஆடு, ஆட்டுக்குப் பக்கத்தில் கூட்ஸ் பெட்டி, அவ்வளவுதான்.

கிறிஸ்துமஸுக்கு நாலு வாரம் முன்னால் வரும் திருவருகைக் காலத்து முதல் ஞாயிறு, பூசை முடிந்து வந்ததும் குடில் பொம்மைகளுக்குப் பெயின்ட் அடிப்பது எங்கள் வீட்டு வழக்கம். புதுப் பெயின்ட் வாங்க மாட்டோம். அந்த வருஷம் வீட்டில் எதற்குப் பெயின்ட் அடித்தோமோ, அதில் மிஞ்சியதுதான் பொம்மைகளுக்கு. ஜன்னல் கம்பிக்கு அடித்த வருஷம் சூசையப்பர் கருஞ்சிவப்பு அங்கி போட்டிருப்பார். மாட்டுக் கொம்புக்கு வாங்கிய நீலம் மிஞ்சிய வருஷம் சம்மனசுக்கு நீல இறக்கை. கூட்ஸ் பெட்டிக்கு மட்டும் பிள்ளைகளில் ஒருவர்தான் அடிக்க வேண்டும், முறை வைத்து. என் முறையில் மஞ்சள் அடித்தேன். என் தம்பி ஒரு வருஷம் கோவணத்துணியில் தோய்த்துச் சிமென்ட் கலர் பூசிவிட்டு அப்பாவிடம் அடி வாங்கினான்.

கடைசியாக அடித்தது பாப்பா. என் தங்கை. இருபது வயது ஆனவளையும் நாங்கள் பாப்பா என்றுதான் கூப்பிட்டோம். அந்த வருஷம் வாசல் கேட்டுக்குப் பச்சை அடித்திருந்தோம், அந்தப் பச்சைதான் பெட்டிக்கும். அவளுக்குப் பொறுமை கிடையாது. காயட்டும்டி என்று அம்மா சொல்லச் சொல்ல, தூக்கிப் பார்க்கிறேன் பேர்வழி என்று அடியில் கட்டைவிரலை அழுத்திவிட்டாள். அம்மா திட்டினாள். "இருக்கட்டும்மா, நான்தான் அடிச்சேன்னு கைநாட்டு வெச்சிருக்கேன்" என்று விரலில் பச்சையோடு சிரித்தாள். அடுத்த கிறிஸ்துமஸுக்கு அவள் இல்லை. காய்ச்சல் என்று படுத்தவள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பவில்லை.

அதற்குப் பிறகு மாட்டுக்கும் ஆட்டுக்கும் சம்மனசுக்கும் பெயின்ட் அடித்தோம். கூட்ஸ் பெட்டியை யாரும் தொடவில்லை. தொட வேண்டாம் என்று யாரும் சொல்லவும் இல்லை. குடில் கட்டும்போது அம்மா அதைத் திருப்பி, அடியில் தன் கட்டைவிரலை ஒரு தடவை வைத்துப் பார்த்துவிட்டு வைக்கோலில் நிறுத்துவாள். நான் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருப்பேன்.

தம்பி பெங்களூரில் வேலையில் இருக்கிறான். போன கிறிஸ்துமஸுக்குக் குடிலைப் போட்டோ எடுத்து நெட்டில் எங்கேயோ போட்டிருக்கிறான். அதைப் பார்த்த அவனுடைய மேலதிகாரி, மற்றதையெல்லாம் விட்டுவிட்டுக் கூட்ஸ் பெட்டியைப் பற்றிக் கேட்டிருக்கிறார். அவர் வீட்டு மாடி முழுக்கப் பொம்மை ரயில்தானாம். தண்டவாளம், ஸ்டேஷன், சிக்னல் எல்லாம் வைத்து ஓட்டுகிறவராம். பொங்கல் கழிந்த ஒரு சனிக்கிழமை தம்பி அவரைக் காரில் கூட்டிக்கொண்டு தர்மபுரிக்கு வந்துவிட்டான்.

வந்தவர் காப்பியைக்கூடத் தொடவில்லை. பெட்டியை வாங்கி, சக்கரத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஒரு கருவியை வைத்து அளந்தார். உதட்டைப் பிதுக்கினார். சக்கர இடைவெளிக்கு உடம்பு ரொம்பப் பெரிசு, எதிலோ இருந்த சக்கரத்தை எதிலோ மாட்டியிருக்கிறார்கள், ஒட்டுப்போட்ட சாமான், பெரிய மதிப்பு இருக்காது என்றார். சொல்லிக்கொண்டே இருந்தார், பெட்டியைக் கீழே வைக்கவே இல்லை.

நான் புளி வாங்கி விற்கிறவள். ஏரியூர்ப் பக்கத்திலிருந்தும் வத்தல்மலையிலிருந்தும் வருகிற புளியை மூட்டை மூட்டையாகப் பார்க்கிறேன். ஈரம், நார், கறுத்துப்போச்சு என்று நானும்தான் குறை சொல்வேன். வேண்டாத சரக்குக்கு யாரும் குறை சொல்ல மாட்டார்கள், எழுந்து போய்விடுவார்கள். இந்த மனிதர் உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையாமல் குறை சொன்னபோதே எனக்கு எரிச்சல் ஏறிவிட்டது. என்னிடமேவா என்று இருந்தது.

மேலே இருக்கிற பெயின்ட்டுக்கு அடியில் ஏதாவது எழுத்து இருந்தால்தான் எது என்று உறுதியாகச் சொல்ல முடியும், பெங்களூருக்குக் கொண்டுபோய் நல்ல வெளிச்சத்தில் பார்த்துத் தருகிறேன் என்றார். நான் முடியாது என்றேன். தம்பி முகம் சுருங்கிவிட்டது. மேலதிகாரி முன்னால் அவனுக்குத் தலைகுனிவு வேண்டாமே என்று அம்மாதான், எடுத்துக்கிட்டுப் போகட்டும் என்று சொல்லித் துண்டில் சுற்றிக் கொடுத்தாள். கார் வரைக்கும் போய்த் தம்பியிடம் சொன்னேன்.

"பாக்கறதெல்லாம் பாருங்க. பெயின்ட்ட மட்டும் சுரண்டக் கூடாது. அவருகிட்ட சொல்லிடு."

"சரிக்கா" என்றான்.

ஈஸ்டருக்கு முன்னால் வரும் தவக்காலம் தொடங்கிய வாரம் வீடியோ காலில் கூப்பிட்டான். முகமெல்லாம் பல். பக்கத்தில் அந்த மேலதிகாரி. அவர் கையில் என்னவோ மங்கலான சாம்பல் நிறத்தில் ஒன்று இருந்தது. கொஞ்ச நேரம் அது என்ன என்றே எனக்குப் புரியவில்லை. சுரண்டவில்லையாம். தின்னரில் பஞ்சை நனைத்து, ஒவ்வொரு பூச்சாக எடுத்தாராம். என்ன பக்குவம் பாருங்கள்.

அவர் சொல்லச் சொல்லத் தம்பி தலையாட்டினான். பெயின்ட்டுக்கு அடியில் கையால் எழுதிய சின்ன எழுத்துகள் இருந்தனவாம். கம்பெனியில் செய்தது இல்லையாம். முன்காலத்தில் மொரப்பூரிலிருந்து தர்மபுரி வழியாக ஓடிய சின்ன ரயில், போர் சமயத்தில் தண்டவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு போனார்களே, அந்த ரயிலின் சரக்குப் பெட்டியை நேரில் பார்த்து யாரோ அளவு பிசகாமல் செய்திருக்கிறார்களாம். சின்ன ரயிலுக்குத் தண்டவாளம் குறுகல், பெட்டி அகலம். அதனால்தான் சக்கரங்கள் நெருக்கமாகவும் உடம்பு பெரிதாகவும் தெரிந்ததாம். ஒட்டுப்போட்டது இல்லை, அசல். இதைப் போல இன்னொன்றை அவர் பார்த்ததே இல்லையாம். பிறகு ஒரு விலை சொன்னார். அந்தத் தொகைக்கு ஷோரூமில் புது பைக் எடுக்கலாம். பொங்கலுக்கு உதட்டைப் பிதுக்கிய அதே வாய்.

அவர் கையிலிருந்த அந்தச் சாம்பல் நிறத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் மலைத்துப்போய் நிற்கிறேன் என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. தான் பட்ட பாட்டைச் சொல்லத் தொடங்கினார். எத்தனை கலர் என்று கேளுங்கள், மஞ்சளாம், நீலமாம், சிமென்ட்டாம், கருஞ்சிவப்பாம், நல்ல சாமானை இப்படியா கெடுத்து வைப்பது என்று சிரித்தார். பச்சைதான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வரவே மாட்டேன் என்றதாம்.

"அடியில ஒரு கட்டைவிரல் ரேகை வேற இருந்தது மேடம். பெயின்ட் காயறதுக்குள்ள யாரோ அழுத்திட்டாங்க. பெரிய டேமேஜ். அதையும் சுத்தமா எடுத்துட்டேன்."

நான் கடையில் நின்றுகொண்டிருந்தேன், எதிரே புளி கொடுக்க வந்த ஆட்கள். என் வாயில் என்ன வந்தது என்று எழுதினால் அச்சில் ஏறாது. அந்த மனிதர் முகம் திரையிலிருந்து விலகிப்போனது மட்டும் ஞாபகம் இருக்கிறது. பெண்பிள்ளை இப்படிப் பேசலாமா என்று மூட்டை இறக்கியவர் பிறகு என் வீட்டுக்காரரிடம் கேட்டாராம். பேசலாம். அன்றைக்குப் பேசியது போதாது என்றுதான் இன்னும் நினைக்கிறேன்.

இரண்டு நாளில் தம்பி பெட்டியைக் கொண்டுவந்தான். பஞ்சு மெத்தை வைத்த அட்டைப்பெட்டிக்குள் படுத்திருந்தது. நான் சொன்னதை அவரிடம் சொன்னாயா இல்லையா என்று கேட்டேன். சொல்ல வாய் வரவில்லையாம், அவ்வளவு பெரிய மனுஷன் ஆசையாகக் கேட்கிறார், பெயின்ட் போனால் என்ன, மறுபடி அடித்தால் ஆயிற்று என்று நினைத்தானாம். கைநாட்டைப் பற்றிச் சொன்னேன். அவன் அந்த டிசம்பரில் கோயம்புத்தூர் ஹாஸ்டலில் இருந்தவன், பண்டிகைக்கு முந்தின நாள்தான் வந்தான். திருப்பிப் பார்த்திருக்கவில்லை.

"எனக்கு யாரும் சொல்லலியேக்கா" என்றான். கண் கலங்கியிருந்தது.

அது உண்மைதான். அதனால் என் கோபம் குறைந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம், இரண்டு மடங்கானது. இத்தனை வருஷம் இவன் மட்டும் அதை ஒரு தடவைகூடத் திருப்பிப் பார்க்கவில்லையே என்று அதற்கும் சேர்த்துத் திட்டினேன். அம்மா பெட்டியை எடுத்துத் திருப்பினாள், பழக்கத்தில் கட்டைவிரலை வைத்தாள், எடுத்துவிட்டாள். பிறகு துணியில் சுற்றிப் பரணில் போட்டுவிட்டு, தம்பிக்குச் சோறு போட்டாள். அவனுக்குச் சோறு போட்டதற்கு அம்மா மேலும் எனக்குக் கோபம் வந்தது.

அதற்குப் பிறகும் அந்த மேலதிகாரி விடவில்லை. விலையைக் கூட்டித் தருகிறேன், கண்ணாடிக்குள் வைத்துப் பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறேன் என்று தம்பி மூலம் சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசியில் ஒரு எச்சரிக்கையும் வந்தது. விற்காவிட்டாலும் போகிறது, தயவுசெய்து பெயின்ட் மட்டும் அடித்துவிடாதீர்கள், ஒரு கோட்டிங் ஏறினால் மதிப்பெல்லாம் போய்விடும். தம்பி இதைத் தயங்கித் தயங்கித்தான் சொன்னான்.

இந்த வருஷம் வாசல் கேட் துருப்பிடித்திருந்தது. ஆள் வைத்து அடித்தோம். என்ன கலர் என்று பெயின்ட்டர் கேட்டபோது அம்மா யோசிக்காமல் பழைய பச்சையே என்றாள்.

திருவருகைக் காலத்து முதல் ஞாயிறு பூசை முடிந்து வந்து, கூடத்தில் பேப்பரை விரித்தோம். அம்மா பரணிலிருந்து இறக்கிக்கொடுத்த கூட்ஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, மிச்சமிருந்த பச்சையை எடுத்து நானே அடித்தேன். கூரை, கதவு, பக்கம், அந்தச் சின்ன எழுத்துகள் எல்லாவற்றின் மேலும். ஒரு புது பைக்கின் விலை என் பிரஷுக்கு அடியில் போய்க்கொண்டிருந்தது தெரியும். நிதானமாகத்தான் அடித்தேன். அடிப்பக்கத்துக்கு மட்டும் பிரஷைக் கொண்டுபோகவில்லை.

பண்டிகைக்குத் தம்பி வந்தான். குடில் முன்னால் நின்று பச்சைப் பெட்டியைப் பார்த்தான். குனிந்து எடுத்துத் திருப்பினான். எல்லாம் பச்சையாக இருக்க, அடி மட்டும் வெறும் தகரமாகத் தெரிந்தது. மதிப்பு போனதைப் பற்றி அவன் கேட்கவில்லை. அடியை ஏன் விட்டுட்டே என்றுதான் கேட்டான்.

"அது பாப்பா கைநாட்டு வெச்ச எடம்டா" என்றேன். "அதுல நான் பெயின்ட் அடிக்க மாட்டேன்."