செவுத்துக்கு அந்தப் பக்கம் குக்கர் சத்தம்

எனக்கு வாய் நீளம். மாமியார் வூட்டுக்கு வந்த நாள்லேர்ந்து எல்லாரும் சொல்றதுதான், நானும் மறுத்ததில்லை. ஆனா காதும் நீளம்ங்கறது யாருக்கும் தெரியாது. பக்கத்து வூட்டுல மிக்ஸி எதுக்கு ஓடுது, குக்கர்ல வேகறது பருப்பா அரிசியா, எல்லாம் உக்காந்த எடத்துலேர்ந்தே சொல்லிடுவேன். பள்ளிக்கூடத்து சத்துணவுல காலமெல்லாம் சமைச்சு ரிட்டையர் ஆனவ நான். ஒரு ஊரு பிள்ளைங்களுக்கு பொங்கிப் போடச் சொல்லுங்க, கண்ணை மூடிக்கினு அரிசி அளப்பேன். ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி போடணும்னு கேட்டா மட்டும் முழிப்பேன்.

பக்கத்து வூடுன்னா வேற யாரோ இல்லை, என் ஓரகத்திதான். என் வூட்டுக்காரரோட அண்ணன் சம்சாரம். நான் அக்கான்னு கூப்புடுவேன். மாரண்டஹள்ளிக்குப் பக்கத்துல எங்க ஊரு. ஒரே வூடா இருந்ததை, பம்புசெட்டு தண்ணி முறைக்காக அண்ணனும் தம்பியும் முட்டிக்கினு, நடுவுல செவுரு எழுப்பி ரெண்டாக்கிட்டாங்க. அடுப்பும் தனி ஆச்சு. செவுரு வெச்ச ரெண்டு மகராசனும் போய்ச் சேந்துட்டாங்க. இந்தப் பக்கம் நான் ஒருத்தி, அந்தப் பக்கம் அக்கா ஒருத்தி. பேச்சுவார்த்தை எல்லாம் உண்டு. கல்யாணம் காதுகுத்துன்னா ஒண்ணாத்தான் பஸ் ஏறுவோம். ஆனா ஒருத்தி அடுப்புல வெந்ததை இன்னொருத்தி தின்னதில்லை. ஏன்னு கேட்டா ரெண்டு பேருக்குமே பதில் தெரியாது. அப்படியே பழகிப்போச்சு.

போன மழைக்காலத்துல திடீர்னு எனக்கு உறைச்சுது, அந்தப் பக்கத்துலேர்ந்து குக்கர் சத்தமே வர்றதில்லைன்னு. தாளிக்கிற வாசனையும் இல்லை. காலையில ஒரு டம்ளரைக் கழுவிக் கவுக்கற சத்தம், சாயங்காலம் ஒரு டம்ளரைக் கழுவிக் கவுக்கற சத்தம், அவ்வளவுதான். நான் டீ கிளாஸ்ல வர்க்கி பிஸ்கட்டை முக்கிக்கினு வாசப்படியில நின்னு யோசிப்பேன், இந்த அக்கா என்னத்தைத்தான் தின்னுதுன்னு.

எங்க தெருவுல ஒரு கன்னடக்கார அம்மா சாயங்காலம் பால் கேனைத் தூக்கிக்கினு போகும். போறப்ப வாசல்ல யார் நின்னாலும் "ஊட்டா ஆய்த்தா?"ன்னு கேக்காம போகாது. சாப்பாடு ஆச்சான்னு அர்த்தம். அக்கா வாசல் கூட்டிக்கினே, "ஆய்த்து, ஆய்த்து"ன்னு சொல்லும். என்னைக் கேட்டா நானும் "ஆச்சு"ன்னுவேன். இல்லைன்னு சொல்லிப் பாருங்க, கேனை இறக்கி வெச்சுட்டு ஏன், என்ன, எதுக்குன்னு ஒக்காந்துடும் அந்தம்மா. அதுக்குப் பயந்தே யாரும் உண்மையைச் சொல்றதில்லை.

ஒரு நாள் காலையில அந்தப் பக்கம் பக்கெட்டு உருண்ட சத்தம் கேட்டுச்சு. உருண்ட பக்கெட்டை எடுத்து வெக்கற சத்தம் வரல. "அக்கா!"ன்னு கூப்பிட்டேன், பதில் இல்லை. ஓடிப்போய் பாத்தா, துணி துவைக்கிற கல்லுல சாஞ்சு கெடக்குது. வேர்த்து ஊத்துது, கை நடுங்குது, பேச்சு கொழறுது. அய்யோ சாமின்னு என் வூட்டுக்கு ஓடி சக்கரையைத் தண்ணியில கரைச்சு எடுத்தாந்து, மெதுவா மெதுவா குடிக்க வெச்சு, ஆட்டோ புடிச்சு பாலக்கோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன்.

டாக்டர் சின்ன வயசுப் பொண்ணு. "சுகர் மாத்திரை போட்டீங்களாம்மா?"ன்னு கேட்டுச்சு.

"போட்டேன்."

"சாப்ட்டீங்களா?"

"ஆச்சு"ன்னுது அக்கா.

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். "டாக்டரம்மா, அது பச்சப் பொய்! இவுங்க வூட்டுல அடுப்பு எரிஞ்சு எத்தனையோ நாளாச்சு"ன்னு போட்டு உடைச்சேன். அக்கா என்னை மொறைச்ச மொறைப்பு இருக்கே.

மாத்திரையைப் போட்டுட்டு சாப்பிடாம இருந்ததுல சுகர் தடால்னு எறங்கிப்போச்சுன்னு டாக்டர் சொன்னாங்க. "ஏறினாத்தான் ஆபத்துன்னு எல்லாரும் நெனைக்கறாங்க. இப்படி எறங்கினா அங்கேயே ஆளைச் சாச்சுடும்மா"ன்னாங்க. எடை வேற ரொம்பக் கொறைஞ்சுடுச்சாம், தசையெல்லாம் கரையுதாம். நேரத்துக்குச் சாப்பிடணும், சோறு கொஞ்சமா, கீரையும் பயறும் நெறைய, முட்டை வேணும்னாங்க. "ராகிக் களி தின்னலாமா?"ன்னு அக்கா கேட்டுச்சு. "தின்னுங்க, ஆனா சுகருக்கு நல்லதுன்னு சொல்லிக்கினு ரெண்டு மூணு முழுங்கக் கூடாது. சின்னதா ஒரே உருண்டை, கூட ஒரு கிண்ணம் கீரை"ன்னு சொன்னாங்க. கடைசியில என்னைப் பாத்து, "நீங்களும் ஒரு டெஸ்ட் எடுத்துக்குங்கம்மா, முகம் வெளுத்துக் கெடக்கு"ன்னாங்க. எனக்கென்ன கேடு, குத்துக்கல்லாட்டம் இருக்கேன்னு சொல்லி எழுந்து வந்துட்டேன்.

விஷயம் கேட்டு ஓசூர்லேர்ந்து அக்கா பையன் அலறியடிச்சு ஓடி வந்தான். கம்பெனி வேலை அவனுக்கு. "போதும் சித்தி, அம்மாவை நான் கூட்டிக்கினு போயிடறேன். ராத்திரி போன் அடிச்சாலே எனக்கு ஈரக்கொலை நடுங்குது"ன்னான். தங்கமான பையன். அவன் பொண்டாட்டியும் நல்ல பொண்ணுதான். ஆனா வூடு மூணாவது மாடி, ரெண்டு பேரும் வேலைக்குப் போறவங்க. அக்கா முன்ன ஒரு தடவை அங்க போய் இருந்துட்டு, பாதியிலேயே பஸ் ஏறி வந்துடுச்சு. "காலையில சாத்தின கதவு சாயங்காலம்தான் தெறக்குது. டிவியில பேசறவங்களுக்குத்தான் நான் பதில் சொல்லிக்கினு கெடந்தேன்"னு சொன்னது எனக்கு ஞாபகம் இருக்குது.

அக்கா, மகனோட கையைப் புடிச்சுக்கினு, என்னை இங்கேயே வுட்டுடுன்னு கெஞ்சுச்சு. பெத்த புள்ளைகிட்ட அப்படிக் கெஞ்சி நான் பாத்ததே இல்லை. கடைசியில அவன் எறங்கி வந்தான். "சரி, பொங்கல் கழிச்சு டாக்டர்கிட்ட காட்டுவோம். அதுக்குள்ள ஒடம்பு தேறலைன்னா அன்னைக்கே மூட்டை கட்டிடணும், மறுபேச்சு கூடாது"ன்னு சொல்லிட்டுப் போனான்.

இது என் பொறுப்புன்னு யாரும் சொல்லல, நானாத்தான் தலையில தூக்கி வெச்சுக்கினேன். மறுநாளே கொள்ளு கடைசல் பண்ணி, கொஞ்சம் சோறோட எடுத்துக்கினு போய், "மீந்து போச்சுக்கா, கொட்ட மனசு வரல"ன்னு வாசல்லேயே குடுத்தேன். அக்கா மூஞ்சியைத் திருப்பாம வாங்கிக்கிச்சு. எனக்கு பெருமை தாங்கல. அடுத்த நாள் முருங்கைக்கீரை பொரியல், அதுக்கடுத்த நாள் பச்சை மொச்சைக் குழம்பு. பாத்திரம் சுத்தமா கழுவி வரும்.

அப்புறம் ஒரு மத்தியானம் பின்பக்கம் போறேன், அன்னைக்குக் காலையில நான் குடுத்த கொள்ளு கடைசலை அக்காவோட கோழிங்க கொத்திக்கினு நிக்குதுங்க.

"அடப்பாவி அக்கா!"ன்னு கத்தினேன். "விடியறதுக்குள்ள எழுந்து கொள்ளு வேக வெச்சு, இடுப்பு ஒடியக் கடைஞ்சு குடுத்தா, கோழிக்கா போடற? தேறுது பாரு உன் கோழி! அதையே டாக்டர்கிட்ட கூட்டிக்கினு போய் எடை போடு. உனக்கு ஓசூருதான் சரி, போ!"

அக்கா பதிலுக்கு எகிறும்னு பாத்தேன். எகிறல. முந்தானையால மூஞ்சியைத் தொடைச்சுக்கினு அப்படியே படியில உக்காந்துச்சு.

"நான் என்னத்தடி பண்ணுவேன்? சோறு தின்னா சுகரு ஏறும்னு ஊருல சொன்னாங்க, வுட்டுட்டேன். ரெண்டு வேளையும் மோரைக் கரைச்சுக் குடிச்சே ஓட்டறேன். களி தின்னலாம்னா, கிண்ட இந்தத் தோள்பட்டை வர மாட்டேங்குது. சட்டியைப் புடிக்கவும் ஆள் இல்லை. சரி, நீ குடுத்ததையாவது தின்னலாம்னு ஒக்காருவேன். எதிர்ல ஒரு ஆளும் இல்லாம ஒத்தையா ஒக்காந்தா, வாயில வெச்சது அங்கேயே நிக்குது. எறங்க மாட்டேங்குது. கொட்டினா பாவம், அதான் கோழிக்குப் போட்டேன்."

மோரைத் தண்ணியாக் கரைச்சுக் குடிச்சுக்கினு இத்தனை நாளா ஒடம்பை ஓட்டியிருக்குது. அந்த டம்ளர் சத்தத்தைத்தான் நான் கேட்டிருக்கேன்.

களி கிண்டறது வயசுல ஒருத்தியே செஞ்சுடலாம். வயசானா ரெண்டு பேர் வேணும். மாவு வெந்ததும் சட்டியை எறக்கித் தரையில வெச்சு, கவட்டைக் குச்சியால அது ஆடாம ஒருத்தி அழுத்திப் புடிச்சுக்கணும். இன்னொருத்தி துடுப்பைப் போட்டு கட்டி தட்டாமக் கிண்டணும். நான் நேரா உள்ள போனேன், அக்கா வூட்டு அடுப்பைப் பத்த வெச்சேன், பரண் மேலேர்ந்து துடுப்பையும் குச்சியையும் எறக்கினேன். "வந்து புடி"ன்னேன்.

"உனக்குக் கிண்டத் தெரியுமா? சத்துணவுல உப்புமா கிண்டினவதானே"ன்னுச்சு அக்கா. பாருங்க திமிரை.

"நீ கெட்டியாப் புடி, போதும். ஆட்டினீன்னா உன் காலு மேலயே கொட்டுவேன்."

அது அழுத்திப் புடிச்சுது, நான் கிண்டினேன். புளிச்சகீரை கடைஞ்சேன். சின்னதா ஒரு உருண்டை தட்டுல வெச்சு, கீரையை நெறைய ஊத்தி, கைமேல குடுத்துட்டு எதிர்ல ஒக்காந்தேன். அக்கா தொடல.

"நான் என்ன கோயில் சாமியா, உக்காந்து பாத்துக்கினு இருக்க? உனக்கும் போடு."

"எனக்குப் பசிக்கல."

"அப்ப எனக்கும் பசிக்கல"ன்னு தட்டைத் தள்ளிடுச்சு. பிடிவாதக் கழுதைன்னு மனசுக்குள்ள திட்டிக்கினு எனக்கும் ஒரு உருண்டை போட்டுக்கினேன். நான் ஒரு வாய் முழுங்கினாத்தான் அது ஒரு வாய் முழுங்கும். எத்தனையோ வருஷத்துக்கப்புறம் அன்னைக்குத்தான் ரெண்டு பேரும் ஒரே சட்டியில தின்னோம்.

அப்புறம் தெனமும் அப்படித்தான். காலையில கூழு, மத்தியானம் களியோ கொஞ்சம் சாமைச் சோறோ, சாயங்காலம் வெந்த தட்டைப்பயறு. நான் உப்பைக் கொறைப்பேன், அது கத்தும். ஊறுகாய் ஜாடியை நான் ஒளிச்சு வெப்பேன், அது கண்டுபுடிக்கும். முட்டையைப் பாத்தா மூஞ்சியைச் சுளிக்கும், நான் பாதி தின்னாத்தான் மீதியைத் தின்னும். எந்த நேரமானாலும் நான் போய் உக்காராம ஒரு பருக்கை உள்ள போகாது. நல்லா வந்து மாட்டினேன்னு வாயால திட்டினாலும், எனக்கும் ரவிக்கை கொஞ்சம் புடிக்க ஆரம்பிச்சுது. கூட இருந்து தின்னதுல வந்த வெனைன்னு நெனைச்சுக்கினேன்.

பொங்கல் கழிச்சு டாக்டர்கிட்ட போனோம். எடை ஏறியிருக்குது, சுகர் கட்டுக்குள்ள இருக்குதுன்னாங்க. நான் என்னமோ பரிட்சையில பாஸான மாதிரி ஆஸ்பத்திரி முழுக்கச் சிரிச்சுக்கினு வந்தேன்.

ஆனா அந்த ஞாயித்துக்கெழமையே பையன் கார் எடுத்துக்கினு வந்துட்டான். கையில பெரிய பேக்கு. அம்மாவைக் கூட்டிக்கினு போகத்தான் வந்திருக்கான்னு பாத்ததுமே தெரிஞ்சுது. நாங்க களி கிண்டிக்கினு இருந்தோம். அவன் செவுத்துல சாஞ்சு நின்னுக்கினு, தலையைக் குனிஞ்சுக்கினு பேசினான்.

"சித்தி, நீங்க இல்லைன்னா எங்கம்மா இல்லை. காலுல விழறேன். ஆனா உங்களுக்கும் வயசாகுது. எங்கம்மாவுக்காக நீங்க எத்தனை நாளு இப்படி அல்லாடுவீங்க? உங்க தலையில பாரத்தை ஏத்திட்டு அங்க நான் எப்படி நிம்மதியா இருப்பேன்?"

துடுப்பு அப்படியே நின்னுடுச்சு. அக்கா மட்டும் குச்சியை வுடாம அழுத்திக்கினே பேசுச்சு.

"நான் வரேன்டா கண்ணு. உங்க சித்தியையும் கூட்டிக்கினு வரதா இருந்தா வரேன். இவளுக்கு எதிர்ல யாரு ஒக்காருவா?"

"என்னம்மா சொல்ற?"

"உங்க சித்தப்பன் போனதுலேர்ந்து இவ உலை வெச்சதே இல்லைடா. செவுத்துக்கு இந்தப் பக்கம் நான் தெனம் காதைத் தீட்டிக்கினுதானே இருந்தேன். ஒரு விசில் வரல. ஊருக்கே பொங்கிப் போட்டவ, வாசல்ல நின்னு டீயில வர்க்கியை முக்கிக்கினு, கேட்டவங்ககிட்ட ஆச்சுன்னு சொல்லிக்கினு நின்னா. கூப்புடலாம்னா, வர மாட்டா, வாய் நீளம். நான் விழுந்தப்புறந்தான் எனக்குப் பொங்கறேன்னு இவ பொங்க ஆரம்பிச்சா. நான் தட்டைத் தள்ளுவேன், அப்பத்தான் இவளும் ஒரு வாய் தின்னுவா. நான் ஓசூருக்கு வந்துட்டா, மறுநாளே இவ வர்க்கிக்குப் போயிடுவாடா."

நான் அழுதேன். வெக்கமே இல்லாம, துடுப்பைக் கையில வெச்சுக்கினே, கொழந்தையாட்டம் அழுதேன். என் வூட்டுக்காரர் போனப்ப கூட நாலு பேர் முன்னாடி அப்படி அழுதவ இல்லை நான். நான் அக்காவைக் காப்பாத்தறேன்னு மார் தட்டிக்கினு திரிஞ்ச அத்தனை நாளும், என் ஒவ்வொரு வாயையும் எண்ணிக்கினு எதிர்ல ஒருத்தி உக்காந்திருந்திருக்கா.

"போதும், கண்ணுத் தண்ணி களியில விழுது, உனக்குத்தான் உப்பு கூடினா ஆகாதே"ன்னுச்சு அக்கா. "கிண்டு, கட்டி தட்டுது."

பையன் பேக்கை ஓரமா வெச்சுட்டு, சட்டைக் கையை மடிச்சுக்கினு எங்க பக்கத்துல வந்து உக்காந்தான். அன்னைக்கு மூணு தட்டு போட்டோம். சாயங்காலம் அவன் தனியாத்தான் கார் ஏறினான். போறப்ப பால்கார அம்மா எதிர்ல வந்து "ஊட்டா ஆய்த்தா?"ன்னு கேட்டுச்சு. ஆய்த்துன்னு நானே முந்திக்கினு சொன்னேன்.

மறுநாள் விடிஞ்சும் விடியாம என் கதவைத் தட்டற சத்தம். அக்கா நல்ல சேலை கட்டி, தலை சீவி, பையோட நிக்குது.

"கெளம்பு, பாலக்கோடு போலாம். உனக்கு ரத்தம் டெஸ்ட் எடுக்கணும்னு அந்த டாக்டரம்மா அப்பவே சொல்லுச்சில்ல? வெறும் வயித்துல வரணுமாம். அது உனக்கு என்ன புதுசா?"