எதுக்கு அந்த ரிசீவர்?

"சார்கிட்ட போனைக் குடுங்க மேடம்" என்றான் சென்னையில் ரேடியோ ரிசீவர் விற்கிறவன். நான் கேட்டது ஒரே கேள்விதான். பக்கத்தில் இருக்கிற உள்ளூர் நிலையத்தின் சத்தத்தை வெளியே தள்ள அந்த மாடலில் ஃபில்டர் உண்டா, இல்லையா? உண்டு என்று சொல்லலாம், இல்லை என்று சொல்லலாம், தெரியாது என்றுகூடச் சொல்லலாம். சார்கிட்ட குடுங்க என்கிறான்! "சார் மாடியில துணி காயப்போட்டுட்டு இருக்காரு. உங்களுக்கே தெரியாதத அவர்கிட்டயா கேக்கப் போறீங்க?" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். பொய்யில்லை. எங்கள் வீட்டில் சமையல் என்னுடையது, துணி அவருடையது.

நான் வாங்க நினைத்தது ஒரு எஸ்.டி.ஆர். ரிசீவர். பார்க்க ஒன்றுமில்லை, உள்ளங்கை அகலத்தில் ஒரு கறுப்பு டப்பா. திருகும் கிடையாது, முள்ளும் கிடையாது. மாடியில் கட்டிய கம்பி வழியாக வருவதை வாங்கி லேப்டாப்புக்குக் கொடுக்கும். மீதி வேலையை மென்பொருள் பார்த்துக்கொள்ளும். சிற்றலையில் பேசுகிற அத்தனை பேரும் திரையில் கோடு கோடாக விழுவார்கள். எந்தக் கோட்டைத் தொடுகிறோமோ அந்தக் குரல் கேட்கும். ஆஸ்பத்திரியில் இ.சி.ஜி. எடுக்கிறவள் நான். கோட்டைப் பார்த்து உயிர் இருக்கிறதா என்று சொல்வது எனக்குப் பழக்கம்.

ஒரு புயலில் கரண்டும் போன் டவரும் போய் முதலியார்பேட்டையே ஊமையாகக் கிடந்தபோது, பக்கத்து வீட்டு பேட்டரி ரேடியோவில் யாரோ எங்கிருந்தோ சீன மொழியில் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இது. இதே வேலையைச் சுமாராகச் செய்கிற, பென் டிரைவ் அளவில் ஒரு மலிவான டாங்கிள் வாங்கினேன். தண்ணீர் டேங்கிலிருந்து மாடிப்படி அறை வரை நானே கம்பி இழுத்துக் கட்டினேன். கப்பல்களுக்கு வாசிக்கும் வானிலை, வங்கக்கடல் மேல் பறக்கிற விமானிகளின் பேச்சு, புரியாத மொழியில் பாட்டு என்று சாயங்காலங்கள் நன்றாகத்தான் போயின. திடீரென்று ஒரு மாதமாக இரைச்சலைத் தவிர ஒன்றுமில்லை. டாங்கிள் ஆயுளை முடித்துக்கொண்டது என்று நினைத்தேன். அதனால்தான் பெரிய ரிசீவர். அரை ஸ்கூட்டர் விலை, ஆனால் என் சம்பளத்தில் நான் சேர்த்த காசு.

"யோசிச்சி சொல்றேன்" என்றார் என் வீட்டுக்காரர். யார் அவரை யோசிக்கச் சொன்னது? நான் தகவல் சொன்னேன், அவர் அதை மனுவாக எடுத்துக்கொண்டார். சுவரை அடைக்கிற டிவி கிரிக்கெட்டுக்காக வந்தபோது யார் யோசித்தார்கள்? ஆட்டோவில் வந்து இறங்கியது, ஆணி அடித்தார்கள், முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை பெரிய மார்க்கெட்டில் மீன் வாங்கிக்கொண்டு வந்தாள் அரியாங்குப்பத்து நாத்தனார். விஷயம் அவள் காதுக்குப் போயிருந்தது. "அந்தக் காசுல ஒரு ஜோடி கம்மல் எடுக்கலாமே அண்ணி. நாளைக்கு ஒரு அவசரம்னா அடகுல வெக்கலாம். இந்த டப்பாவ எவன் வெச்சிக்குவான்?" என்றாள். எவனும் வைத்துக்கொள்ள மாட்டான்தான். நானும் அடகு வைப்பதற்காக வாங்கவில்லை.

மாமனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். எங்கள் வீட்டுக்குத் தெருவில் இன்னும் சொல்தா வீடு, அதாவது சிப்பாய் வீடு என்றுதான் பேர். அந்தப் புண்ணியத்தில் கிடைத்த பிரெஞ்சுக் குடியுரிமையில் என் மகன் பிரான்சில் வேலை பார்க்கிறான். அவனாவது என் பக்கம் பேசுவான் என்று பார்த்தால், "எதுக்கும்மா வாங்குற? ஹாலந்துல ஒருத்தர் தன் ரிசீவரை நெட்ல போட்டு வெச்சிருக்காரு. நீ அங்கேருந்தே ஃப்ரீயா கேக்கலாம்" என்று லிங்க் அனுப்பினான். கேட்டேன். குரல் கழுவித் துடைத்ததுபோல் இருந்தது. அதுதான் எரிச்சல். மோசமாக இருந்திருந்தால் ஒரு வார்த்தையில் திட்டித் தீர்த்திருப்பேன்.

ஆனால் அது ஹாலந்துக்காரர் வீட்டு மாடியில் விழுகிற வானம். வானொலி என்கிறோமே, எந்த வானம் என்று ஒரு கேள்வி கிடையாதா? எதிர்வீட்டு மிக்சியின் கரகரப்போடு கேட்டாலும் சரி, என் மாடிக்கு வருவதை நான் கேட்க வேண்டும். இதைச் சொன்னதற்கு, "சரிம்மா, உன் இஷ்டம்" என்றான். உன் இஷ்டம் என்று சொல்கிற யாரும் நம் இஷ்டத்தை ஒத்துக்கொண்டு சொல்வதில்லை.

எதுக்கு, எதுக்கு, எதுக்கு. பதில் சொல்லிச் சொல்லி வாய் வலித்தது. பழையது கெட்டுவிட்டது என்ற ஒரே காரணத்தைக் கையில் பிடித்துக்கொண்டு எல்லோரிடமும் வாதாடிக்கொண்டிருந்தேன்.

புது ரிசீவருக்கு இந்த நீளம் போதுமா என்று பார்க்க ஒரு நாள் காலையில் மாடிக்குப் போனேன். என் கம்பியில் லுங்கிகள், பெட்ஷீட், நடுவில் நீர் சொட்டச் சொட்ட ஒரு ஜமுக்காளம். கனம் தாங்காமல் கம்பி தொய்ந்து, வீட்டுக்குள் இறங்குகிற ஒயரோடு நான் ஈயம் வைத்துப் பற்றவைத்த இடம் விட்டுப்போயிருந்தது. ஒரு மாதமாக என் ஏரியல் துணிக்கொடி உத்தியோகம் மட்டும்தான் பார்த்திருக்கிறது.

"என்ன இது?" என்று கத்தினேன்.

"போன மாசம் கொடி அறுந்துடிச்சி. இது சும்மாதானே கெடந்துச்சி" என்றார் அவர், கையில் கிளிப் டப்பாவோடு.

சும்மா கிடந்ததாம்! கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. அந்த ஜமுக்காளத்தை உருவி அப்படியே ஈரத்தோடு அவர் தோளில் போட்டேன். பிறகு கம்பியை இழுத்துக் கட்டி, ஒயரைப் பற்றவைத்து, கீழே வந்து டாங்கிளைச் செருகினேன். திரையில் கோடுகள் மளமளவென்று விழுந்தன. டாங்கிளுக்கு ஒரு கேடும் இல்லை.

அவர் பின்னாலேயே வந்து எட்டிப் பார்த்தார். முகத்தில் அவ்வளவு சந்தோஷம். "பாத்தியா, நல்லாத்தானே இருக்கு! அப்ப புதுசு தேவையில்ல. அந்தக் காசுல மோட்டார மாத்திடலாம், தண்ணி ஏறவே மாட்டேங்குது."

இத்தனை நாள் யோசித்தும் வாய் திறக்காத மனிதர், அரை நிமிஷத்தில் என் காசுக்கு வேலை கண்டுபிடித்துவிட்டார். கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைப்பதில் இவரை மிஞ்ச ஆளில்லை.

"மோட்டாருக்கு உங்க சம்பளம் இருக்கு. நான் ரிசீவர் வாங்கப் போறேன்" என்றேன்.

"அதான் பழசு ஓடுதே. அப்புறம் எதுக்கு?"

அவர் கேட்டது நியாயம். கையில் பிடித்திருந்த காரணம் போய்விட்டது. ஃபில்டர், துல்லியம் என்று வேறு எதையாவது அடுக்கியிருக்கலாம். எனக்கு அடுக்கத் தெரியும். வேலைக்குப் போகிறேன் என்று கேட்டபோதும், சமையலறைக்கு ஓர் அலமாரி கேட்டபோதும், உடம்பு முடியாத என் அம்மாவைக் கொஞ்ச நாள் இங்கே வைத்துக்கொள்கிறேன் என்று கேட்டபோதும் அடுக்கியவள்தான்.

"வேணும்" என்றேன்.

இன்னும் ஏதோ வரப்போகிறது என்று அவர் நின்றார். நான் திரும்பி உட்கார்ந்து ஆர்டர் போட்டேன். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து, காரணம் எதுவும் ஒட்டாமல் அந்த ஒரு சொல்லை நான் சொன்னது அதுதான் முதல் தடவை.