ஓடும் வாருக்கு முன்னால்

பெரியகல்லாற்று நெல்லு மில்லில் நான் எஞ்சின் ஓட்டிய காலத்தில், தொழிற்பாடசாலை மாணவர்களை வேலை பழக அழைத்துவந்த வாத்தியார் ஒருவர் இருந்தார். ஒல்லியான மனிதர். அந்தப் புழுக்கத்திலும் கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைக் கோட்டு. வாசலிலேயே ஒவ்வொரு மாணவனும் இடுப்பில் உடுத்த சாரத்தையும் பிடித்து இழுத்துப் பார்ப்பார். தளர்வாக இருந்தால் கன்னத்தில் அறை விழும்.

"நான் இழுத்தா அறையோட போகும். எஞ்சின் வார் இழுத்தா உசிரோட போகும்" என்பார்.

வேளாண்மை வெட்டு முடிந்த மாதம் அது. எஞ்சினிலிருந்து மில்லுக்கு ஓடும் தோல்வார் வழுக்கத் தொடங்கியது. மில் கங்காணி ஒரு மாணவனைக் கூப்பிட்டு, பிடிப்புக்காக ஓடும் வாரிலேயே மெழுகு தேய்க்கச் சொன்னான். மெழுகுத் துணியோடு அந்தப் பையனின் விரல் நகத்தையும் வார் பிய்த்துக்கொண்டு போனது.

அலறல் கேட்டு வாத்தியார் ஓடிவந்தார்.

"ஏன் எஞ்சினை நிப்பாட்டல்ல?"

"வயல் வட்டை நெல்லெல்லாம் வந்து குவிஞ்சு கிடக்கு வாத்தியார். பொழுதுபடுமட்டும் நிப்பாட்ட ஏலாது" என்றான் கங்காணி.

வாத்தியார் அவன் மணிக்கட்டை முறுக்கிப் பிடித்து, வாருக்கு ஒரு விரற்கடை தூரத்தில் கொண்டுபோய் வைத்தார்.

"அப்ப மிச்சத்த நீ தேய்."

"ஐயோ, நிப்பாட்டுடா!" என்று கங்காணி என்னைப் பார்த்துக் கத்தினான். நிறுத்தினேன். வார் முற்றாக அடங்கும்வரை வாத்தியார் பிடியை விடவில்லை.

"ஏலுந்தானே" என்றார்.

மறுநாளும் வந்தார். சாரங்களை இழுத்துப் பார்த்தார். கங்காணியிடம், "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டார்.

நான் நிறுத்தச் சற்றுத் தாமதித்திருந்தால் அந்தக் கையை வாருக்குள் விட்டிருப்பாரா? இன்றுவரை எனக்குத் தெரியாது. அன்று அவர் முகத்தில் கோபமே இருக்கவில்லை.